எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்பு உள்ளங்களுக்கு வணக்கம்.

எங்கள் பூட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தார், இங்கே மாட்டுவண்டி ஓட்டினார், அவருக்கு ஆண்பிள்ளைகள் இரண்டு பேர். வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்தது இவ்வளவுதான். பெண்பிள்ளைகளும் இரண்டு பேர் இருந்தார்கள் என்று இன்று பெயரோடு சொல்ல முடிகிறது என்றால் அது உங்களால்தான்.

முதல் நன்றி ஆவணக் காப்பக வாசிப்பறையில் உதவிய மலாய் அக்காவுக்கு. கப்பல் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், இறந்தவருடைய சொத்துக்கு யார் மனுப் போட்டார்கள் என்று பாருங்கள் என வழிகாட்டியவர் அவர். 1893-ஆம் ஆண்டு மனுக்களின் காகிதக் கட்டையும் அவரே தேடி எடுத்துவந்தார்.

அப்புறம், ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஐயா. பழைய காலத்து ஆங்கிலக் கையெழுத்தை வரி வரியாகப் படித்துக் காட்டியதோடு, அதையெல்லாம் ஏன் எழுதினார்கள் என்பதையும் பொறுமையாக விளக்கினார். 1807-இல் தந்த சாசனத்தின்படி பினாங்கில் நீதிமன்றம் வந்தது. அதோடு ஆங்கிலச் சட்டமும் வந்தது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. அந்தப் பங்கில் மகளும் உண்டு. அதனால்தான் பூட்டனார் இறந்தபின் எங்கள் பூட்டி கொடுத்த மனுவில் நான்கு பிள்ளைகளின் பெயரும் வயதும் இருக்கின்றன. நம் பெண்கள்மேல் அக்கறைப்பட்டு எழுதிய சட்டமல்ல அது. ஆனாலும் நாம் விட்ட பெயர்களை அந்தத் தாள்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

சொத்து என்று பார்த்தால் வண்டி ஒன்று, மாடு ஒரு ஜோடி, பித்தளைக் குடம் இரண்டு, கடுக்கன் ஒரு ஜோடி, அதுவும் அடகில். கீழே, கையெழுத்துக்குப் பதிலாகப் பூட்டி போட்ட கீறல். அழுத்திப் போட்டதில் அந்த இடத்தில் தாள் லேசாகக் கிழிந்திருக்கிறது. பக்கத்தில் சாட்சி ஒருவர் தமிழில் கையெழுத்திட்டிருக்கிறார்.

பட்டர்வொர்த் அத்தைக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! தைப்பூசத்துக்குத் தைப்பூசம் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பார்த்துப் பேசிவந்தோம், சொந்தம் என்று தெரியாமலே. பெயர்களைப் படித்ததும், "சின்னவ எங்க ஆச்சில்ல!" என்றார். உடனே நம்பிவிடவும் இல்லை. ஆச்சியின் பழைய ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துவந்து, தகப்பனார் பெயர் சரியா, வயது ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூத்தவர் அலோர் ஸ்டாரில் வாழ்க்கைப்பட்டதாக அத்தை சொல்கிறார். அந்த வழியில் வந்தவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லியனுப்புங்கள். மனுவின் நகல் ஒன்றை அவர்களுக்காகத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
பினாங்கு வண்டிக்காரர் குடும்பத்தார்