முழங்கை தாழக் கூடாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தேங்காய் போட்டாயிற்று. கிணற்றில் எட்டுப் படி தெரிகிறது. சித்தி மகன் விஷயத்தை அம்மா சொல்லியிருப்பாள், நான் அதில் தலையிடவில்லை.

நீ அபார்ட்மெண்ட் குளத்தில் மறுபடி நீந்துகிறாய் என்று அம்மாதான் சொன்னாள். என்னிடம் நீ சொல்லவில்லை. சரி, போகட்டும். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஃப்ரீஸ்டைலில் கை உள்ளே போனதும் உடனே இழுக்காதே. தோளுக்கு நேரே நீட்டு. விரல் நுனி கீழே பார்க்கட்டும், முழங்கை மட்டும் மேலேயே நிற்கட்டும். வாய்க்காலில் மடைப்பலகையை நேரே நிறுத்தினால் தண்ணீர் முட்டி நிற்கும், சாய்த்தால் வழிந்து போய்விடும் இல்லையா? முன்கைதான் அந்தப் பலகை. முழங்கை தாழ்ந்தால் பலகை சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரைப் பின்னால் தள்ளு, கீழே அமுக்காதே. அமுக்கினால் நெஞ்சு எழும்பும், இடுப்பு இறங்கும். முழங்கை தாழக் கூடாது. கை நெஞ்சைத் தாண்டி அந்தப் பக்கமும் போகக் கூடாது.

நான் சொல்லிக் கொடுத்தது வேறு, தெரியும்.

ஆங்கில எஸ் எழுத்து போலக் கையை வளைத்து இழு என்று ஒன்பது வயதிலிருந்து கரையில் நின்று கத்தியவன் நான்தான். என் சொந்தச் சரக்கு இல்லை அது. இந்தியானா பல்கலைக்கழகத்துப் பயிற்சியாளர் கவுன்சில்மன் தண்ணீருக்கடியில் படம் பிடித்துப் பார்த்துச் சொன்னது. அவரிடம் பயின்ற மார்க் ஸ்பிட்ஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 7 தங்கம் வாங்கினான். அவர் சொன்னதை ஜெராக்ஸ் எடுத்து வைத்துப் படித்த நான் யார் மறுத்துப் பேச? ஆனால் படத்தில் தெரிந்த வளைவில் ஒரு பங்கு, உடம்பு ஒருக்களித்துப் புரள்வதால் வருவதாம். அப்புறம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வளைத்து இழுப்பது, நேரே பின்னால் தள்ளுவது என்று இரண்டு விதத்தையும் கணினியில் ஓட்டிப் பார்த்து, பின்னால் தள்ளுவதில்தான் உந்துதல் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். கவுன்சில்மன் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. 1979-ல், 58 வயதில், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த மனிதர் அவர். படத்தைப் பார்த்துச் சொன்னார். உன் கையைப் பிடித்து நெஞ்சுக்குக் குறுக்கே வளைத்தவன் நான். கட்டைவிரல்தான் முதலில் இறங்க வேண்டும் என்றும் சொன்னேன். இரண்டுமே தோளுக்கு ஆகாது. மூட்டுக்குள் தசைநார் எலும்பில் போய் உரசும்.

அப்படி இழுத்தே நீ மாவட்டத்தில் முதலாவதாக வந்தாய். கடைசி 50 மீட்டரில் பக்கத்து லேன் பெண் திரும்பிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்தக் கப்பைத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

வலித்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? ஆறு வருஷமாக அப்பாவிடம் ஒரு வார்த்தை உண்டா?

இல்லை, சொன்னாய். ப்ளஸ் ஒன்னில், மாநிலப் போட்டிக்கு முந்தின வாரம். குளத்துப் படியில் உட்கார்ந்து, "கையைத் தூக்கி ஜடை பின்ன முடியலப்பா" என்றாய். நான் தைலம் தேய்த்துவிட்டு, உள்ளங்கையில் மாட்டும் பலகையை, அந்தப் பேடிலை, மாட்டி இன்னும் 1000 மீட்டர் போகச் சொன்னேன். பெரிய பேடில், சிவப்பு. நீ ஒன்றும் பேசாமல் மாட்டிக்கொண்டாய். பேடில் மாட்டினால் தோளுக்குச் சுமை கூடும் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். போட்டியில் உன் பெயர் வரவேண்டும் என்று இருந்தது. உன் அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்னும் மறக்கவில்லை.

தீபாவளிக்கு வந்தபோது மேல்தட்டிலிருந்து முறுக்கு டப்பாவை இடது கையால் எடுத்தாய். நான் பேப்பர் படிப்பது போல் இருந்தேன். காலி டப்பா அது.

டாக்டரிடம் என்றைக்குப் போகிறாய் என்று சொல். நானும் வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறேன். குளத்துப் பக்கம் வர மாட்டேன். முழங்கை மட்டும் தாழக் கூடாது, அதுவும் வலி இல்லாத அன்றைக்குத்தான்.

அம்மா முறுக்குச் சுற்றி அனுப்புகிறாள். டப்பாவைக் கீழ்த் தட்டில் வை.

அப்பா