சேற்றுக்கு ஏன் அவ்வளவு இடம் கொடுத்தேன்

கிரேவ்சென்ட், இங்கிலாந்து
அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். இரவுப் பணி முடிந்து வந்து, தூங்குவதற்கு முன் இதை எழுதுகிறேன். சென்ற வாரம் நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "கப்பலைப் படம் பிடித்தாயா, சேற்றைப் படம் பிடித்தாயா?" என்று தொலைபேசியில் கேட்டீர்கள். இத்தனை ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவரின் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேம்ஸ் ஆற்றில், லண்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கும் டெடிங்டன் மதகு வரைக்கும் கடலின் ஏற்றமும் வற்றமும் போய்வருகின்றன. அங்கிருந்து கடல் வரையுள்ள ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்கும் நீர் நாள்தோறும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. தூத்துக்குடியில் ஓதம் ஒரு மீட்டர் அளவுக்குக்கூட ஏறி இறங்குவதில்லை என்பதால், இங்கு வந்த புதிதில், மதியம் கரைச்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த நீர் மாலையில் வெகுதூரம் விலகிப்போய், பாசி படிந்த கற்களும் பழைய மரத்தூண்களும் பளபளக்கும் சேறும் வெளியே கிடந்ததைக் கண்டு திகைத்து நின்றேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்த வேறுபாடு சுமார் 6 மீட்டர். நம் வீட்டு மொட்டைமாடியைவிட உயரம், அப்பா.

அந்த 6 மீட்டர்தான் படத்தின் அமைப்பையே மாற்றிவிடுகிறது. நான் நிற்கும் நடைபாதை அசையாமல் இருக்க, கப்பல் மட்டும் நீரோடு ஏறி இறங்குகிறது. ஏற்றத்தின் உச்சியில் கப்பலின் மேல்தளம் எதிர்க்கரையைத் தாண்டி எழுந்து, வெள்ளை நிற மாலுமி அறை வானத்தில் தெளிவாக நிற்கும். வற்றத்தின்போது அதே கப்பல் தாழ்ந்துபோய், அந்த வெள்ளை எதிர்க்கரைக் கிடங்குகளின் சாம்பல் நிறத்தில் கரைந்துவிடும். ஆனால் வற்றத்தில்தான் கரை பேசத் தொடங்குகிறது. சேற்றில் நீர் வரைந்துவிட்டுப் போன ஓடைக்கோடுகள் வளைந்து வளைந்து ஆற்றை நோக்கி ஓடுவதால், கண் தானாகவே அவற்றைப் பிடித்துக்கொண்டு கப்பல்வரை போய்ச் சேர்கிறது. நான் சேற்றுக்குப் பாதிப் படத்தைக் கொடுத்தது அதனால்தான். ஏற்றத்தில் எடுத்த படங்களில் கப்பல் அழகாகவே இருக்கிறது. ஆயினும் அது எந்தத் துறைமுகத்திலும் நிற்கக்கூடிய கப்பல்.

இன்னொரு காரணம் வெளிச்சம். இந்தப் பகுதியில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாள்களின் பெரிய ஏற்றம் மதியத்துக்குச் சற்றுப் பின்னர் வருகிறது. ஆகவே பெரிய வற்றம் காலையிலும் மாலையிலும், வெயில் சாய்ந்து விழும் வேளையில் அமைகிறது. என் பணி முடிந்து நான் ஆற்றங்கரைக்கு வரும்போது, தென்கரையில் வடக்கு நோக்கி நிற்கும் எனக்கு வலப்புறமிருந்து சூரியன் சேற்றின் ஒவ்வொரு மடிப்பையும் காட்டிக்கொண்டிருக்கும். ஓதம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துவதால், இந்தப் பொருத்தம் சில நாள்களே நீடிக்கும். என் பணி அட்டவணைக்குப் பக்கத்திலேயே ஓத அட்டவணையையும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

"முகம் பார்க்கும் பக்கம் இடம் விடு" என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததை இங்கேயும் கடைப்பிடிக்கிறேன்: போய்க்கொண்டிருக்கும் கப்பலுக்கு அதன் அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, முன்னால் நீர் விடுகிறேன். மிதவையில் கட்டிய படகுகளுக்கோ நீரோட்டம்தான் திசை. அவை ஓட்டம் வரும் பக்கம் மூக்கைத் திருப்பி நிற்கும். ஓதம் மாறும் சிறு இடைவேளையில் ஓட்டம் அடங்கியதும், ஒன்று இப்படியும் மற்றொன்று அப்படியுமாகத் தயங்கி, பிறகு எல்லாம் ஒருமிக்கத் திரும்பும். அந்த இடைவேளையில் எடுத்த படம்தான் நீங்கள் "கலைந்து கிடக்கிறது" என்று சொன்னது. ஒப்புக்கொள்கிறேன், அதை இன்னும் நன்றாக எடுக்க வேண்டும்.

படம் சாய்ந்திருப்பதாகவும் சொன்னீர்கள். அது சாயவில்லை, அப்பா. எதிர்க்கரை நமக்கு நேரெதிராக இல்லாமல் சற்று விலகி ஓடுவதால், தூரம் போகப்போகக் கரைக்கோடு ஏறுவதுபோல் தோன்றுகிறது. கரையை வைத்து நேர்செய்தால் கப்பலின் கொடிமரம் சாய்ந்துவிடும். அதனால் கொடிமரம், பாரந்தூக்கியின் கால், நட்டுவைத்த கம்பம் என்று செங்குத்தாக நிற்கும் ஏதாவது ஒன்றை வைத்தே சட்டத்தை நேராக்குகிறேன்.

ஒருநாள் மட்டும் உண்மையாகவே சாய்ந்தது. கரையோரச் சரளைக்கற்களில் முக்காலியை நிறுத்தி, சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் கப்பல் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். சுமை இல்லாததால் அது உயர்ந்து மிதந்தது. அடிவயிற்றின் செம்பூச்சும், அதன்மேல் ஆழம் காட்டும் வெள்ளை எண்களும் வெளியே தெரிந்தன. பழுப்பு நீருக்கும் பழுப்புச் சேற்றுக்கும் நடுவே அந்தச் சிவப்புப் பட்டை அத்தனை அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அடிவானம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போயிருக்கிறது. கற்களுக்கு அடியிலிருந்த சேற்றில் முக்காலியின் ஒரு கால் மெல்ல இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பலகைத்துண்டு வைக்கிறேன். சேற்றுக்குள் நான் இறங்குவதே இல்லை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

எதிர்க்கரைதான் டில்பரி. 1948 ஜூன் மாதம் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் கரீபியத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானோரை அங்கேதான் கொண்டுவந்து இறக்கியது. நான் பணிபுரியும் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது அதற்கு அடுத்த மாதம், ஜூலை 5 அன்று. அப்படி வந்தவர்களிலும் அவர்களுக்குப் பின் வந்தவர்களிலும் பலர் என்னைப் போலவே மருத்துவமனை வார்டுகளில் வேலை பார்த்தவர்கள். எனவே எந்தக் கப்பல் கடந்துபோனாலும், அந்த இறங்குதுறை படத்தின் ஓரத்திலாவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். கப்பல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்த படங்களில் நடந்தது இதுதான்.

வரும் பௌர்ணமிக்கு மறுநாள் எனக்கு விடுமுறை. அன்று ஒரே கப்பலை இரண்டு விதமாக எடுத்து, ஒன்றில் சேற்றோடும் மற்றொன்றில் நீங்கள் கேட்டதுபோல் நீரில் மட்டுமாகவும், பெரிய அளவில் அச்சிட்டுத் தபாலில் அனுப்புகிறேன். ஸ்டூடியோ மேசை இழுப்பறையில் 'ட' வடிவத்தில் வெட்டிய கறுப்பு அட்டைகள் இரண்டு இருக்கும். அவற்றைப் படத்தின்மேல் வைத்து நகர்த்திப் பார்த்து, எங்கே வெட்டுவீர்கள் என்று பென்சிலால் கோடு போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

அன்பு மகள்