செண்டாய் பையனைப் பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அங்கே இன்னும் பனி விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே திருச்சியில் மாசி முடிவதற்குள்ளேயே வெயில் கொளுத்துகிறது. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது காலையில் எனக்கு முன்னால் பேப்பரை எடுத்துக்கொள்கிறார். பெரியவன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

சரி, ஸ்கேட்டிங் பழகும் உன் பாப்பா கேட்டனுப்பிய கேள்விக்கு வருகிறேன். ஜப்பானிய ஐஸ் ஸ்கேட்டிங் வீரர் யுசுரு ஹன்யூ தன் வயதில் எப்படி இருந்தார் என்று கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. 2014லும் 2018லும் அவர் வாங்கிய ஒலிம்பிக் தங்கங்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். பத்து வயதிலிருந்து பதினேழு வரைக்குமான கதைதான் எனக்கு எப்போதும் பெரிதாகப் படுகிறது. சின்னப் பையனின் கதை என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன்.

பிறந்தது 1994 டிசம்பர் 7, ஜப்பானின் வடகிழக்கில் இருக்கும் செண்டாய் நகரத்தில். இரண்டு வயதிலேயே ஆஸ்துமா. அக்கா ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போக, நான்கு வயதில் இவனும் பின்னாலேயே போய்விட்டான். 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கில் ரஷ்ய வீரர்கள் யாகுதினும் புளூஷெங்கோவும் மோதியதைப் பார்த்தபின் இவனுக்குப் புளூஷெங்கோ மேல் ஒரே பைத்தியம். அவரைப் போலவே தலைமுடியைக்கூட வெட்டிக்கொண்டான். அந்தக் காலத்துப் படங்களைப் பாப்பாவுக்குக் காட்டு, சிரிப்பாள்.

2004 இலையுதிர் காலத்தில், பத்து வயது நிரம்பும் முன்பே, சிறுவர்களுக்கான தேசியப் போட்டியில் முதலிடம் பிடித்தான். கொஞ்ச நாளில் அவன் பழகிய ஐஸ் ரிங்க் செண்டாய் மூடப்பட்டது. நிர்வாகத்திடம் பணம் இல்லை. ஐஸ் அரங்கை நடத்துவது லேசான காரியமில்லை. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் தரைக்கடியில் குளிரூட்டும் குழாய்கள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே, பாப்பாவின் வயதில் ஹன்யூ எப்படி இருந்தான் என்றால், சறுக்கப் போதுமான ஐஸ் இல்லாமல் இருந்தான். ஊரில் வேறோர் அரங்குக்கு மாறினான், ஆனால் பயிற்சி நேரம் சுருங்கிவிட்டது. திறமை, உழைப்பு என்றெல்லாம் பேசுகிறோம். அதற்கெல்லாம் முன்னால் ஓர் அரங்கு திறந்திருக்க வேண்டும், அதில் அந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்று எனக்கு வருத்தமுண்டு.

அரங்கு மீண்டும் திறந்ததில் ஷிசுகா அரகாவா என்ற ஸ்கேட்டிங் வீராங்கனைக்குப் பங்குண்டு. அவரும் செண்டாயில் வளர்ந்து அதே ஐஸில் பழகியவர். 2006 டூரின் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியதும், அந்தப் புகழை வைத்து அரங்கைத் திறக்கும்படி அதிகாரிகளிடம் பேசினார். 2007இல் திறந்தார்கள். ஒரு சாம்பியன் தன் பதக்கத்தை இதைவிட நன்றாகப் பயன்படுத்த முடியுமா, சொல்!

அதற்கப்புறம் பையன் வேகமாக வளர்ந்தான். 2008இல், பதின்மூன்று வயதில், ஜப்பானின் ஜூனியர் சாம்பியன். அடுத்த பிப்ரவரியில் சோஃபியாவில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் பன்னிரண்டாம் இடம். அதற்கடுத்த ஆண்டு, 2010 மார்ச்சில், தி ஹேக்கில் அதே போட்டியில் முதலிடம். அந்தக் காணொளிகளை உன் கடிதம் வந்த பிறகு மறுபடி போட்டுப் பார்த்தேன். குச்சி மாதிரி உடம்பு, ரப்பர் மாதிரி வளையும் முதுகு. ஆனால் கடைசி நிமிடத்தில் மூச்சு வாங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆஸ்துமாக்காரப் பிள்ளைக்கு நான்கு நிமிடம் நீளும் நிகழ்ச்சி என்பது சாதாரணமா?

பெரியவர்கள் பிரிவுக்கு வந்த முதல் சீசனில், நாகோயாவில் நடந்த என்எச்கே டிராபி என்ற சர்வதேசப் போட்டியில், டோ லூப் என்ற ஜம்ப்பை நான்கு சுற்றாக முதன்முறையாகப் போட்டியில் சரியாக இறக்கினான். வந்தது நான்காம் இடம். மாஸ்கோ போட்டியில் ஏழாம் இடம். 2011 பிப்ரவரியில் தைபேயில் நடந்த நான்கு கண்டப் போட்டியில் வெள்ளி.

அடுத்த மாதம் நிலநடுக்கம். மார்ச் 11, பிற்பகல் 2.46. நிலநடுக்க அளவு 9. அவன் அந்த நேரத்தில் ஐஸ் ரிங்க் செண்டாயில் பயிற்சியில் இருந்தான். பதினாறு வயது. பிளேடுக்கு உறை மாட்டக்கூட நேரமில்லாமல் ஸ்கேட்ஸோடு வெளியே ஓடினான். பிளேடு கெட்டுப்போனது. வீடும் சேதம். குடும்பத்தோடு சில நாள் நிவாரண முகாமில் தங்கினான். கடலோரத்தில் சுனாமி ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிருந்தது. இந்த நிலைமையில் ஸ்கேட்டிங் எதற்கு, விட்டுவிடலாமா என்று யோசித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறான். அரங்கு மறுபடி மூடிக்கிடந்தது.

ஏப்ரலில் கோபேயில் ஒரு நிதி திரட்டும் ஐஸ் ஷோ. கோபே 1995இல் தானே நிலநடுக்கத்தில் நொறுங்கி எழுந்த ஊர். அங்கே சறுக்கினான். பிறகு அந்தக் கோடை முழுக்க ஊர் ஊராகப் போய் ஏறத்தாழ அறுபது ஐஸ் ஷோக்கள். சொந்த அரங்கு இல்லாதவனுக்கு அந்த மேடைகளே பயிற்சிக் களம். ஷோவுக்கு முன்னும் பின்னும் கிடைத்த ஐஸில் ஜம்ப் பழகினான். செண்டாய் அரங்கு ஜூலை கடைசியில்தான் திறந்தது.

அப்படித் தயாரானவன்தான் 2012 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரத்துக்கு, பெரியவர்கள் பிரிவில் தன் முதல் உலக சாம்பியன்ஷிப்புக்குப் போனான். முதல் பகுதியில் ஏழாம் இடம். இரண்டாம் பகுதியில் ரோமியோவாக வந்தான். நான்கு சுற்று டோ லூப் இறங்கியது, ஆக்ஸல் என்ற ஜம்ப்பும் மூன்றரைச் சுற்றாக இறங்கியது. நிகழ்ச்சியின் நடுவே, எந்த ஜம்ப்பும் இல்லாத இடத்தில், கால் இடறி விழுந்தான். எழுந்து அடுத்த சில நொடிகளிலேயே மூன்றரைச் சுற்று ஆக்ஸலையும் டோ லூப்பையும் சேர்த்துப் போட்டான். கடைசிப் பகுதியில் வாய்விட்டுக் கத்துகிறான். உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை என்பது பார்க்கிற நமக்கே புரிகிறது, ஆனாலும் ஓடுகிறான். வெண்கலம் கிடைத்தது. பேட்ரிக் சானும் டெய்சுகே தகாஹாஷியும் முன்னால். அவனுடைய பிற்காலச் சறுக்கல்கள் இதைவிடச் சுத்தமானவை, எனக்குத் தெரியும். இருந்தும் எதையாவது ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் நான் நீஸைத்தான் போடுவேன். பாப்பாவோடு உட்கார்ந்து நீயும் பார்.

அந்த வசந்தத்தில்தான் உன் ஊரான டொராண்டோவுக்கு வந்து சேர்ந்தான். பயிற்சியாளர் பிரயன் ஓர்சர். இடம், டொராண்டோ கிரிக்கெட், ஸ்கேட்டிங் அண்ட் கர்லிங் கிளப். பெயர் காதில் விழுந்த மாதிரி இருக்கிறதா? 1997இல் சஹாரா கோப்பையில் கங்குலி பாகிஸ்தானுக்கு எதிராக 16 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தாரே, அதே கிளப்! உலகப் பதக்கத்தோடு வந்தவனை அங்கே மறுபடி அடிப்படையில் உட்காரவைத்தார்கள். பிளேடின் விளிம்பில் சாய்வது, தள்ளுவது, நீளமாகச் சறுக்குவது என்று குழந்தைகள் செய்கிற பயிற்சிதான். அவனும் செய்தான்.

இப்போது உன் கவலை. பாப்பாவுக்குச் சிங்கிள் ஆக்ஸல் வரவில்லை, கூடச் சேர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் வந்துவிட்டது, விடியலில் எழுப்பிக் கூட்டிப்போவதும் செலவும் வீணா என்று கேட்டிருக்கிறாய். நண்பா, மற்ற ஐந்து ஜம்ப்களும் பின்பக்கமாகச் சறுக்கியபடி எழும்புபவை. ஆக்ஸல் மட்டும்தான் முன்னால் பார்த்து எழும்புவது. இறங்குவது மற்றவற்றைப் போலப் பின்பக்கமாகத்தான், அதனால் சிங்கிள் என்ற பெயரிலேயே ஒன்றரைச் சுற்று ஒளிந்திருக்கிறது. நிறையப் பிள்ளைகள் நிற்கிற இடம் அதுதான். ஹன்யூவே 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நான்கரைச் சுற்று ஆக்ஸலை முயன்று விழுந்தவன்தான். ஆக்ஸல் என்ன மாதம் வந்தது என்று கணக்குப் போடாதே. அரங்கிலிருந்து திரும்பும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார். அவள் போக விரும்பும்வரை கூட்டிப்போ. பணம் நெருக்கினால் வகுப்பைக் குறை, ஐஸ் நேரத்தைக் குறைக்காதே. இது என் அபிப்பிராயம். தங்கச்சியிடமும் கலந்துபேசு.

அப்புறம், நம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மே மாதம் கூடுவதாக இருக்கிறார்கள். உனக்குத் தோதுப்படாது, தெரியும். டிசம்பரில் குடும்பத்தோடு வரும்போது எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், அம்மா இப்போதே சொல்லிவிட்டார். பாப்பா விழுகிற காணொளி இருந்தாலும் அனுப்பு, எங்கே தோள் திரும்புகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்