உன் கருப்பு வெள்ளை மீன் யாருன்னு சொல்றேன்

செல்வி,

நல்லா இருக்கியாடி? இங்க அம்மாவுக்கு கால் வலி பரவாயில்ல, மாடிப்படி மட்டும் ஏற வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நீ அந்தமான் ஹேவ்லாக் தீவுல எடுத்த மீன் போட்டோவ அம்மாகிட்டயும் காட்டினேன், அவ்ளோ சந்தோஷம் அவங்களுக்கு.

கைடு அந்த மீனை மூரிஷ் ஐடல்னு சொன்னாருன்னு எழுதியிருக்க. அது இல்லடி. வாலைப் பாரு, மஞ்சளா இருக்கு. மூரிஷ் ஐடலுக்கு வால் கருப்பு, ஓரத்துல மட்டும் மெல்லிசா வெள்ளை. அதோட வாய் குழாய் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், மேல ஆரஞ்சு கலந்த மஞ்சள்ல ஒரு திட்டு, உன் மீனுக்கு அது கிடையவே கிடையாது. முதுகுலேர்ந்து நீளமா வெள்ளையா ஒரு துடுப்பு பின்னாடி போகுதுல்ல, அது ரெண்டுக்கும் இருக்கறதாலதான் நிறைய பேர் மாத்தி சொல்லிடறாங்க. ஆனா நெருங்கின சொந்தம் கூட இல்ல, மூரிஷ் ஐடல் அதோட குடும்பத்துல இருக்கற ஒரே இனம், சர்ஜன் மீனுக்குத்தான் கிட்ட, உன்னோடது பட்டாம்பூச்சி மீன் குடும்பத்து பேனர் ஃபிஷ்.

அதுலயும் அச்சு அசலா ஒரே மாதிரி ரெண்டு இனம் இருக்கு, ஹெனியோகஸ் அக்யூமினேட்டஸ், ஹெனியோகஸ் டிஃப்ரூட்டஸ். முதுகுத் துடுப்புல இருக்கற முள்ளு முதல்ல சொன்னதுக்கு பெரும்பாலும் 11, மத்ததுக்கு 12, தண்ணிக்குள்ள அதெல்லாம் எண்ண முடியுமா சொல்லு. அதனால நான் எப்பவும் எங்க இருந்துச்சு, எத்தனை இருந்துச்சு, என்ன பண்ணுச்சுன்னுதான் முதல்ல கேப்பேன். டிஃப்ரூட்டஸ் பெரிய கூட்டமா பாறைய விட்டு மேல எழும்பி, தண்ணில மிதந்து வர்ற பிளாங்டன்ங்கற குட்டிக்குட்டி உயிர்களைப் பிடிச்சுத் தின்னும். அக்யூமினேட்டஸ் பெருசானா ஜோடி ஜோடியா பவளத்தை ஒட்டியே சுத்தும். உன் படத்துல ரெண்டே ரெண்டு, அதுவும் தட்டையா விரிஞ்ச பவளத்துக்கு கீழ, அதனால அக்யூமினேட்டஸ்தான்னு நினைக்கிறேன்.

அந்தப் பவளம் உயிரோட இருக்கறதைப் பாத்ததுதான்டி எனக்கு பெரிய சந்தோஷம். 2010ல கடல் சூடாகி அந்தமான்ல ஏகப்பட்ட பவளம் வெளுத்துப் போச்சு, உள்ள குடியிருந்து சாப்பாடு குடுக்கற பாசி வெளிய போயி திரும்பி வரலன்னா பவளம் பட்டினில செத்துடும், அப்புறம் அதை நம்பி இருக்கற மீன் எங்க போகும்.

உன் பையன் மூரிஷ் ஐடல் வாங்கி தொட்டில விடணும்னு கேக்கறான்னியே, தயவுசெஞ்சு வேணாம்னு சொல்லு. அது கடல்ல முக்கியமா பாறைல ஒட்டி வளர்ற ஸ்பாஞ்சுங்கற உயிரினத்தைத்தான் கொறிச்சு சாப்பிடும், தொட்டில போடற தீனிய நிறைய மீன் தொடாமயே மெலிஞ்சு செத்துடுது. கடல்லயே பாத்துக்கட்டும். மத்த போட்டோவும் அனுப்பு, மீனை மட்டும் வெட்டி அனுப்பாம பின்னாடி இருக்கற பாறையோட அனுப்புடி.

உன்
மீனா