தலைக்கவசம் கொடுங்கள், அபராதம் வேண்டாம்

சிவகங்கை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரான மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வீட்டிலிருந்து பள்ளிக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். சென்ற மாதம் எங்கள் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து, "பைக்குக்கு ஹெல்மெட் கட்டாயம்னா சைக்கிளுக்கும் கட்டாயமாக்கணும். போடாத பிள்ளையைக் கேட்டுக்குள்ள விடாதீங்க" என்றார். பாதிப் பேர் கைதட்டினார்கள். உங்கள் குழுவுக்கு மனு அனுப்புவது என்று அங்கேயே முடிவானது. அந்த மனுவை நீங்கள் எடுக்கும்போது இந்த மடலும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவர் கோபத்தில் பேசவில்லை, பயத்தில் பேசினார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் என் மாணவன் ஒருவன் சிறப்பு வகுப்பு முடிந்து, இருட்டிய பிறகு சைக்கிளில் வீட்டுக்குப் போனான். தெருமுக்கில் வேகமாகத் திரும்பிய பைக் இடித்துவிட்டது. கைகால்களில் சிராய்ப்போடு போயிருக்கவேண்டியது. தலை மட்டும் ஒரு வீட்டு வாசலின் கருங்கல் படியில் பட்டுவிட்டது. நான்கு மாதம் கழித்துத்தான் பள்ளிக்கு வந்தான். நான் பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுகிற பையன் அவன். திரும்பி வந்த அன்று ஒரே கணக்குக்கு மூன்று தடவை, "டீச்சர், இன்னொரு வாட்டி சொல்றீங்களா?" என்று கேட்டான். மூன்று தடவையும் சொன்னேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அடுத்த வாரமே எனக்கு ஹெல்மெட் வாங்கக் கிளம்பினேன். நான் கேட்ட கடைகளில் எல்லாம் பைக் ஹெல்மெட்டைத்தான் எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் இணையத்தில் வரவழைத்தேன். அன்றிலிருந்து அது இல்லாமல் சைக்கிளில் ஏறுவதில்லை.

இது ஏன் உதவுகிறது என்று வகுப்பில் நான் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். சைக்கிளில் உட்கார்ந்திருக்கும்போது நம் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சைக்கிள் சும்மா நின்றபடியே சாய்ந்தாலும், அந்த உயரத்திலிருந்து தடையில்லாமல் விழுகிற தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை நெருங்கிவிடும். பதினோராம் வகுப்புக் கணக்குதான். உயரத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுத்தால் விடை வந்துவிடும். ஐரோப்பாவில் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு இருக்கிற 'இஎன் 1078' என்ற தரச் சோதனையிலும் கிட்டத்தட்ட இந்த வேகத்தில்தான், நொடிக்கு 5.42 மீட்டரில், சமதளத்தில் மோத வைக்கிறார்கள். உள்ளே இருப்பது டிவி பெட்டிக்குள் வருகிற தெர்மாகோல்தான், இன்னும் அடர்த்தியாக. நசுங்குவதுதான் அதன் வேலை. அது நசுங்குகிற சில மில்லிநொடிகளில் தலை கொஞ்சம் மெதுவாக நிற்கிறது, மூளைக்குப் போகிற அதிர்ச்சி குறைகிறது. நசுங்கியது மறுபடி எழும்பாது. ஒரு தடவை பலமாக அடிபட்டால் அதை மாற்றிவிடவேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ஜேக் ஒலிவியர், புரூடென்ஸ் கிரைட்டன் என்ற இருவர் 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். காயம்பட்ட சைக்கிள்காரர்கள் 64,000 பேருக்கு மேல் அந்தக் கணக்கில் வருகிறார்கள். ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குப் பலத்த தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 சதவீதம் குறைவாக இருந்தது. ஆகவே ஹெல்மெட் தேவையா என்பதில் எனக்கும் அந்தத் தகப்பனாருக்கும் வாதமே இல்லை. கட்டாயம் என்ற சொல்லில்தான் நான் நிற்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 129ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான் பொருந்தும். மிதித்து ஓட்டுகிற சைக்கிளுக்குப் பொருந்தாது. நம் மாநிலத்தில் பைக்கில் ஹெல்மெட் போடாவிட்டால் 2022இலிருந்து 1,000 ரூபாய் அபராதம். அந்தத் தொகை வேண்டாம், 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். யாரிடம் வசூலிப்பீர்கள்? காலை ஏழரை மணிக்குப் புதுவயல் அரிசி ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பாருங்கள். ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற டைல்ஸ் செய்யும் பட்டறைக்குப் போகிறவர், இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்டு வருகிறவர், கோடையில் நுங்குக் குலையைக் கேரியரில் கட்டிக்கொண்டு வருகிற பெரியவர். தலையில் துண்டைத் தவிர வேறெதுவும் கட்டிப் பழகாதவர்கள். பைக் வாங்க வசதி இல்லாததால்தான் அவர்களில் பலர் இன்னும் மிதிக்கிறார்கள். சாலையில் மற்றவர்களை இடித்துக் கொல்வது மிக அரிதான வண்டி அவர்களுடையது. அவர்களை நிறுத்தி ரசீது கிழிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இது கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கிற கிங் கவுண்டியில் சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. 2022இல் அதை நீக்கிவிட்டார்கள். அபராதச் சீட்டுகளைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது வீடில்லாதவர்கள் மேலும் கறுப்பின மக்கள் மேலும்தான் அது அளவுக்கு மீறி விழுந்திருந்தது.

அப்புறம் எங்கள் பெண்பிள்ளைகள். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

என் அம்மாவின் ஊர் அரிமளம் பக்கம். செட்டிநாட்டு ஊர்களில் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வருகிற பகுதி அது. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அம்மாவுக்கு அப்போது முப்பது வயது. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்த ஆம்பளை சைக்கிளில், பொழுது சாய்ந்த பிறகு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஊருணிக் கரையில் ஓட்டிப் பழகினார். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. பிறகு அம்மா ஆம்பளை சைக்கிளே போதும் என்றுவிட்டார். முன்னால் இருக்கிற பாரில் என்னை உட்கார வைத்துக்கொள்ளலாம், பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், யாரையும் கேட்காமல், அம்மா தன் வேலையைத் தானே முடித்துக்கொண்டு வந்தது அந்தச் சைக்கிளால்தான். நான் படித்ததும் அதனால்தான். அன்றைக்கு, "தலையில் இது இல்லாமல் ஏறக்கூடாது" என்று ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தால் அம்மா ஏறியிருக்கமாட்டார்.

அதன் தொடர்ச்சிதான் பள்ளியில் கொடுக்கிற விலையில்லா சைக்கிள். 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005இல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்கள் எல்லோருக்குமாக விரிந்தது. எங்கள் பள்ளிக்கு வருகிற மாணவிகளில் பலர் பஸ் நேரத்துக்கு வராத ஊர்களிலிருந்து வருகிறார்கள். ஹெல்மெட் இல்லை என்று கேட்டில் திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளை எங்கே போவாள்? வீட்டுக்குப் போவாள். இரண்டாவது தடவை திருப்பி அனுப்பினால், "படிச்சது போதும்" என்று சொல்லக் காத்திருக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இன்னொன்று, கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ரெட்டைச் சடை போட்டு, மடித்து ரிப்பன் கட்டி வரவேண்டும் என்பது பல பள்ளிகளில் விதி. அதற்கு மேல் பூவும் இருக்கும். அந்தத் தலையில் ஹெல்மெட் சரியாக உட்காராது. ஹெல்மெட்டின் பின்னால் அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு ரிப்பன் முடிச்சில் இடித்து, ஹெல்மெட் நெற்றியை விட்டு மேலே ஏறிக்கொள்ளும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் அது உட்காரவில்லை என்றால் முன்பக்கமாக விழும்போது பயனே இல்லை. நானே மாணவிகளுக்குப் போட்டுப் பார்த்தேன். சடையைக் கழுத்துக்குக் கீழே ஒற்றையாக இறக்கிப் பின்னினால் சரியாக உட்காருகிறது. முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள் சைக்கிளில் வருகிற மாணவிகளுக்கு ஒற்றைச் சடைக்கு அனுமதி என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பாதித் தடை நீங்கிவிடும். செலவே இல்லாத வேலை.

உலகத்திலேயே முதலில் சைக்கிளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலையில். தலைக்காயங்கள் குறைந்தன. மெல்பர்ன் தெருக்களில் எண்ணிப் பார்த்தபோது சைக்கிள் ஓட்டுகிற பதின்வயதுப் பிள்ளைகளும் குறைந்திருந்தார்கள். எது எவ்வளவுக்குக் காரணம் என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நெதர்லாந்தில் பெரும்பாலோர் ஹெல்மெட் போடுவதில்லை, அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதையே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது ஜப்பான் செய்தது. 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் ஹெல்மெட் போட முயலவேண்டும் என்று சட்டத்தில் எழுதினார்கள், அபராதம் வைக்கவில்லை.

அபராதத்துக்குப் பயந்து போடுகிற ஹெல்மெட் எங்கே இருக்கும் என்பது நமக்குத் தெரியாததா? பெட்ரோல் டேங்க் மேல் இருக்கும். கண்ணாடியில் தொங்கும். போலீஸ் நிற்கிற இடத்துக்கு நூறடி முன்னால் தலைக்கு ஏறும்.

நம் ஊரிலேயே வேறு வழி இருக்கிறது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள். இருட்டில் நடக்கிறவர்களின் பையிலும் கம்பிலும் ஒளிரும் பட்டையை ஒட்டி அனுப்புகிறார்கள். பட்டை இல்லாமல் நடக்காதே என்று யாரும் தடுப்பதில்லை, கூப்பிட்டு ஒட்டிவிடுகிறார்கள். பாத யாத்திரைக்குச் செய்வதைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் செய்யலாம் இல்லையா? சைக்கிள் கொடுக்கிற அன்றே அதோடு ஒரு ஹெல்மெட், பின்னால் எரிகிற ஒரு சிவப்பு விளக்கு. எடை 300 கிராம் வருகிற, காற்றுத் துளைகள் உள்ள சைக்கிள் ஹெல்மெட்டாக இருக்கவேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிற பைக் ஹெல்மெட்டை நம் சித்திரை வெயிலில் யாராலும் போட்டுக்கொண்டு மிதிக்க முடியாது. மாநிலத் திட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். பரிந்துரை அனுப்புவது உங்கள் கையில் இருக்கிறது. அதுவரை ஒரு பள்ளியில், ஒரு வகுப்புக்கு, முன்னோட்டமாகச் செய்து பார்க்கலாம்.

இதற்கு மேல் ஒன்று உண்டு. ஹெல்மெட் சைக்கிளிலிருந்து விழுகிறவனுக்காகச் செய்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வேன் இடித்தால் அதைத் தாங்க அது செய்யப்படவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். நம் செட்டிநாட்டுத் தெருக்களுக்கென்று ஓர் ஆபத்தும் இருக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எங்கே பார்த்தாலும் தெருக்கள் கோடு போட்டதுபோல நேராகப் போகும். வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பக்கச் சுவர் அவ்வளவு நீளம், அவ்வளவு உயரம். முக்கில் வந்து நிற்கிறவரை குறுக்கே வருகிற வண்டி தெரியாது. பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதால் தெருவில் ஆள் இல்லை என்று நினைத்து வேகமாக வருகிறார்கள். பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிற வேன்களும் கார்களும் இப்போது கூடிவிட்டன. என் மாணவன் விழுந்ததும் இப்படி ஒரு முக்கில்தான். அவன் ஹெல்மெட் போட்டிருந்தால் நான்கு மாதம் நான்கு நாளாகியிருக்கலாம். அந்த பைக் மெதுவாகத் திரும்பியிருந்தால் அவன் விழுந்தே இருக்கமாட்டான்.

அதனால் பள்ளிகளைச் சுற்றி, இந்தத் தெருமுக்குகளில், 30 கிலோமீட்டர் வேக வரம்பு கேட்கிறேன். 2020இல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் கூடிப் பேசியபோது நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வண்டிகளோடு கலக்கிற இடங்களுக்குச் சொன்ன வேகமும் அதுதான். முக்குக்கு ஒரு குவிகண்ணாடி, சரியான உயரத்தில் ஒரு வேகத்தடை, அதில் வெள்ளைக்கோடு. நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் அவர்கள் ஒருநாள் மாலை ஐந்தரை மணிக்கு என்னோடு சைக்கிளில் வந்தால் எந்தெந்த முக்கு என்று காட்டுகிறேன். காரில் வந்தால் தெரியாது.

நான் கேட்பதோடு நிறுத்தவில்லை. போன வாரம் எங்கள் பதினோராம் வகுப்பு மாணவர்கள் 58 பேருக்கும் தையல் டேப்பை வைத்துத் தலைச் சுற்றளவு எடுத்தேன். 51 சென்டிமீட்டரிலிருந்து 58 வரை இருக்கிறது. ஒரே அளவில் மொத்தமாக வாங்கிவிடாதீர்கள் என்பதற்காகவே எடுத்தேன். பிள்ளைகளின் பெயர் இல்லாமல் அளவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதி இந்த மடலோடு வைத்திருக்கிறேன். அதில் இருக்கிற கையெழுத்து என்னுடையது அல்ல. இப்போது கல்லூரியில் படிக்கிற என் பழைய மாணவன் வந்து உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான். ஒவ்வோர் எண்ணையும் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டுதான் எழுதினான்.

இப்படிக்கு,
சைக்கிளில் பள்ளிக்குப் போகிற ஓர் ஆசிரியை,
காரைக்குடி வட்டம்