இன்டேக் கேஸ்கட் செட்டின் வெட்டும் தவறு, குறிப்புத்தாளும் தவறு

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
உதிரிபாக விற்பனைப் பிரிவு.

பொருள்: ஆல்டோ 800 இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட் செட்டுக்கான பணத்தைத் திருப்பித் தரவும், மீதிச் சரக்கின் விற்பனையை நிறுத்தவும் கோருதல்.

ஐயா / அம்மா,

என்னுடைய 2014 மாடல் ஆல்டோ 800-க்கு உங்கள் இணையதளத்தில் இன்டேக் கேஸ்கட் செட் (இன்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்ட் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தை அடைக்கும் பேக்கிங்) வாங்கினேன். பில்லும் படங்களும் இணைப்பில் இருக்கின்றன. பாக்கெட்டின் மேல் 'வீட்டிலேயே மாற்றலாம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன்.

வேலையை முறையாகத்தான் செய்தேன். ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்து, லைனில் இருந்த பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை விட்டேன். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் மேனிஃபோல்டில் கை வைத்தேன். துகள் உள்ளே விழாமல் ஓட்டைகளில் துணி அடைத்துவிட்டு, பழைய பேக்கிங்கை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தேன். அலுமினியத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அப்புறம் உங்கள் கேஸ்கட்டைப் பழையதன் மேல் வைத்துப் பார்த்தேன். ஓரத்துத் துளைகள் இரண்டும் பொருந்தின. நடுத்துளை மட்டும் ஏறக்குறைய 2 மி.மீ. ஒரு பக்கமாகத் தள்ளி வெட்டப்பட்டிருந்தது. ஒரு பக்கம் அட்டை போர்ட்டுக்குள், அதாவது காற்று போகும் வழிக்குள், நீட்டிக்கொண்டு நிற்கிறது. எதிர்ப்பக்கம் அடைத்து நிற்க வேண்டிய இடத்தில் மெல்லிய விளிம்புதான் மிச்சம். விளம்பரத்தில் 'உள்ளே ஸ்டீல் தகடு' என்று இருக்கிறது. ஓரத்தை நகத்தால் பிரித்தால் அடுக்கடுக்காக அட்டைதான் வருகிறது, தகடு எதுவும் இல்லை.

பொருத்துவதற்கு முன்பே உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து சொன்னேன். "டைட் பண்ணா உட்கார்ந்துடும் சார், தைரியமா போடுங்க" என்றார்கள். அவர்கள் பேச்சை நம்பிப் பொருத்தினேன். ஸ்டார்ட் செய்ததுமே ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கியது, நடு சிலிண்டர் பக்கம் 'உஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம். சோப்புத் தண்ணீரை அந்த இணைப்பில் தெளித்தபோது, நடு போர்ட்டின் கீழ் விளிம்பில் நுரை உள்ளே இழுபட்டது, இன்ஜின் சத்தமும் மாறியது. இந்த வழியாகத் திருட்டுக் காற்று நுழைந்தால் அந்த சிலிண்டரில் பெட்ரோல் விகிதம் குறையும். அப்படியே நாள்கணக்கில் ஓட்டினால் மிஸ்ஃபயர் ஆகி (பெட்ரோல் சரியாக எரியாமல் போய்), புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெட்டுப்போகலாம். எல்லாவற்றையும் மறுபடி கழற்றி, உள்ளூர் கடையில் ஒரிஜினல் கேஸ்கட் வாங்கிப் போட்டேன். அதே மேனிஃபோல்ட், அதே போல்ட், அதே கைதான். வண்டி இப்போது சீராக ஓடுகிறது.

பணத்தை விட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது செட்டோடு வந்த உங்கள் குறிப்புத்தாள். போல்ட்டை '23 கிலோகிராம் மீட்டர்' டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கச் சொல்கிறது. இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் போகும் 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரைதான் பொதுவான அளவு. நீங்கள் அச்சிட்டிருப்பது நியூட்டன் மீட்டரில் 225-க்கு மேல் வருகிறது. சின்ன கார்களின் சக்கர நட்டுக்குக்கூட அந்த அளவு கிடையாது. அதன்படி முறுக்கினால் போல்ட் உடையும், இல்லாவிட்டால் ஹெட்டில் மரை போகும். சில நூறு ரூபாய் பேக்கிங்குக்காக ஹெட்டையே இறக்க வேண்டி வரும். அனுபவமுள்ள மெக்கானிக் இந்தத் தாளைப் பார்க்கவே மாட்டார். வீட்டில் முதல்முறை செய்கிறவருக்கோ இந்தத் தாள்தான் துணை. அவரை நினைத்துத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அதே தாளில் கேஸ்கட்டின் இரண்டு பக்கமும் சிலிகான் தடவச் சொல்கிறீர்கள். சாதாரண சிலிகான் பெட்ரோல் பட்டால் ஊறிப்போகும். பிதுங்கிய துண்டு பிய்ந்து உள்ளேயும் இழுபடலாம். அந்த ஆலோசனையை எடுத்துவிடுங்கள்.

என் முதல் புகாருக்கு, 'பிரித்துப் பொருத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. பிரிக்காமல் வெட்டு தவறு என்று எப்படித் தெரியும்? பொருத்தச் சொன்னதும் உங்கள் ஆட்கள்தான். குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. சரியான பயன்பாட்டுக் குறிப்பு தராததால் வரும் பாதிப்புக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

ஆகவே செட்டின் விலையையும் அனுப்பும் செலவையும் எனக்குத் திருப்பித் தாருங்கள். இதே தொகுப்பு எண்ணில் மீதமுள்ள சரக்கை விற்பதை உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு டார்க் அளவு தவறு என்று குறுஞ்செய்தி அனுப்புங்கள். கடைசியாகச் சொன்னதைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமைகூட யாராவது அந்தத் தாளைப் பார்த்து ஸ்பேனரைக் கையில் எடுக்கலாம்.

கேஸ்கட்டும் தாளும் உறையோடு என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் எப்போது வந்தாலும் பார்க்கலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஈரோடு.