திருப்பும்போது வரும் சத்தமெல்லாம் ஆக்சில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரங்கூனில் டொயோட்டா புரோபாக்ஸ் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன் நான். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்பக்கம் சத்தம் வருகிறது என்று பட்டறைக்குப் போனால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: “ஆக்சில் போச்சு, மாத்திடலாம்.” என்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டுதான் ஆக்சில். என் வண்டிக்கும் அப்படித்தான் சொல்லி மாற்றினார்கள். காசு போனது, சத்தம் போகவில்லை. அப்புறம் வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்த விதத்தை நம் ஓட்டுநர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவர் ஸ்பேனரையே தொடவில்லை. வண்டியை நிறுத்தி வைத்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பச் சொன்னார். முன்சக்கரத்துக்கு மேலே கையை விட்டு, சுருள் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் லேசாக விரலை வைத்துக்கொண்டார். ஸ்பிரிங் சீராகத் திரும்பாமல் முறுக்கிக்கொண்டு நின்றது. பிறகு ‘டொய்ங்’ என்று ஒரே துள்ளலாக விடுபட்டது. ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் ஸ்ட்ரட் என்ற தூணின் உச்சியில், அது திரும்புவதற்காக இருக்கும் மவுண்ட் பேரிங் துருப்பிடித்து இறுகினால் இப்படித்தான் ஆகும். நிற்கிற வண்டியிலேயே சத்தம் வந்தால் ஆக்சில் மேல் பழி போடுவதில் அர்த்தமே இல்லை, அது சுழலவே இல்லையே.

ஆக்சில் முனையில் இருக்கும் சிவி ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பி நின்றாலும் அதைச் சுழற்றும் மூட்டு, தேய்ந்தால் சத்தம் வேறு. காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்து வட்டமடித்தால் ‘டக் டக் டக்’ என்று தட்டும். வேகம் கூடினால் தட்டலும் கூடும். அநேகமாக அதன் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். மழைக்காலத்தில் நம் தெருக்களில் தேங்கும் தண்ணீரும் மணலும் அந்தக் கிழிசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. கிழிந்தவுடனே பார்த்துவிட்டால் உறையையும் கிரீஸையும் மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும்.

வேகத்தோடு கூடுகிற உறுமல் என்றால் சக்கர பேரிங். இடப்பக்கம் வளையும்போது உறுமல் அதிகமானால் பெரும்பாலும் வலது சக்கரம்தான், ஏனென்றால் வண்டியின் பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1970 டிசம்பரிலிருந்து நாம் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். ஜப்பானிலிருந்து வந்த நம் பழைய வண்டிகளுக்கு ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். சாலையோரக் குழிகளில் அதிகம் இறங்குவது வலது முன்சக்கரம். ஓட்டுநர் உட்கார்ந்திருப்பதும் அதன் பக்கத்தில். அதனால் இடப்பக்கச் சத்தம் நம் காதுக்குச் சரியாகப் பிடிபடாது. யாரையாவது இடது சீட்டில் உட்காரவைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்படுத்துவது கீழ் பால் ஜாயின்ட், அதாவது சக்கரத்தை வண்டியின் அடிப்பக்கத்தோடு பிடித்து வைக்கும் உருண்டை மூட்டு. திருப்பும்போது எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி முனகினால், குழியில் இறங்கும்போது ‘கடக்’ என்றால், தள்ளிப்போடாதீர்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரம் தொங்கும்போது டயருக்கு அடியில் கடப்பாரையை விட்டு நெம்பச் சொல்லுங்கள். ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால், மாற்றுகிறவரை அந்த வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. ஓடும்போது அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். அப்புறம் ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரான சிரியத்துக்குப் போகிற குடும்பம் நம்மை நம்பித்தான் பின்சீட்டில் ஏறுகிறது. சவாரி போகிறதே என்று இதில் கணக்குப் பார்க்கக் கூடாது.

சாமான் வாங்கும்போதும் கவனம் வேண்டும். ஜப்பானில் பழைய வண்டிகளில் கழற்றி வருகிற கதவு, கண்ணாடி எல்லாம் சரி. பால் ஜாயின்ட்டையும் ஸ்ட்ரட் மவுண்ட்டையும் மட்டும் அப்படி வாங்காதீர்கள். அவற்றின் ரப்பர் நம் வண்டியில் இருப்பதைப் போலவே வயதானதாக இருக்கும். ஸ்ட்ரட் மவுண்ட் மாற்றும் வேலையை வீட்டு வாசலில் செய்யவும் வேண்டாம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவியைப் போட்டு இறுக்காமல் நடு நட்டைக் கழற்றினால், அது பாய்ந்து ஆளையே கொன்றுவிடும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புது டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிழிந்த சிவி உறை, பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுண்ட் ஆகிய மூன்றின் படங்களையும் தமிழிலும் பர்மியிலும் பெயர் போட்டு உங்கள் பத்திரிகையில் வெளியிடுங்கள். அதை வெட்டி வண்டியில் வைத்துக்கொண்டால், பட்டறையில் படத்தின் மேல் விரலை வைத்து, “இதைப் பார்த்துட்டீங்களா அண்ணே?” என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரும்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்,
ரங்கூன்.